ஏகாரமும் அன்று, ஆகாரமும் அன்று

ஆங்கிலத்தில் பூனையைக் குறிக்கும் சொல்லைத் தமிழில் எழுதுமாறு கூறினால் மாணவர் பலர் 'கேட்' என்று எழுதுவர். வீட்டு வாயிலில் நிற்கும் இரும்புக் கதவைக் குறிக்கும் சொல்லை எழுதுமாறு கூறினாலும் 'கேட்' என்றே எழுதுவர். இவ்வாறு எழுத்தில் பூனையும் கதவும் ஒன்றாகிவிடுகின்றன. எழுத்தில் நேர்ந்தது நாவிலும் நேர்கின்றது. ஆங்கிலேயர் செவிக்கோ இவ்விரண்டும், நம் செவிக்குப் 'பல்', 'பால்' என்பன போலத் தெளிவாக வேறுபட்ட சொற்கள்.

குற்றம் மாணவருடையது அன்று. தமிழ் நெடுங்கணக்கினுடையதும் அன்று. தமிழில் உயிரெழுத்துகள் பன்னிரண்டு. தமிழ்ச் சொற்களை எழுதுவதற்கு அவை போதும். ஆங்கிலத்தில் உயிருக்கு உரிய எழுத்துகள் ஐந்தே. ஆனால் தென் இங்கிலாந்தில் கற்றோர் பேசும் பேச்சில் உயிரொலிகள் ஏறத்தாழ இருபது உள்ளன. ஐந்து எழுத்துகள் இருபது ஒலிகளைச் சுமக்கும் அம்மொழியில், பூனையின் நடுவே நிற்கும் ஒலி தமிழரை நெடுங்காலமாகத் திகைக்கச் செய்துவருகின்றது. ஒலிநூலார் அதனை எழுதுவதற்கு ஆங்கில நெடுங்கணக்கின் முதல் எழுத்தையும் ஐந்தாம் எழுத்தையும் ஒட்டவைத்த ஒரு வடிவத்தைக் கையாள்கின்றனர். பழைய ஆங்கிலத்தில் அவ்வடிவத்திற்கு 'ஆஷ்' என்று பெயர். ஆஷ் என்பது ஒரு மரத்தின் பெயர்.

தமிழர் இவ்வொலியை எவ்வாறு கேட்டனர் என்பதற்குத் தமிழில் வழங்கும் ஆங்கிலச் சொற்களே சான்று. பணம் போட்டு வைக்கும் நிலையத்தைப் 'பாங்கு' என்று எழுதினோரும் உண்டு. 'பேங்க்' என்று எழுதினோரும் உண்டு. அவ்வாறே பாட்டரி, பேட்டரி, காமிரா, கேமரா, மானேஜர், மேனேஜர், டாக்சி, டேக்சி, காப்டன், கேப்டன் என்று ஒவ்வொரு சொல்லும் இரண்டு உருவம் பெற்றுள்ளது. ஒருவர் ஆகாரம் என்று கேட்டதை மற்றொருவர் ஏகாரம் என்று கேட்டிருக்கின்றார். இருவருள் ஒருவர் செவி பழுதுடையது என்று எண்ணுதல் வேண்டா. அவ்வொலி ஏகாரத்திற்கும் ஆகாரத்திற்கும் நடுவே நிற்பது. நடுவே நிற்பதனை அக்கரை வீட்டார் தம் கரையினது என்பர். இக்கரை வீட்டார் தம் கரையினது என்பர்.

இலங்கையிலும் இதே செய்தியைக் காணலாம். சிங்கள மொழியில் இவ்வொலி குறிலாகவும் உண்டு, நெடிலாகவும் உண்டு. இரண்டிற்கும் தனித்தனி எழுத்துகள் உள்ளன. கொழும்பை அடுத்துள்ள ஊர் ஒன்றின் பெயர் இக்குறிலைக் கொண்டது. தமிழர் அதனைக் 'களனி' என்று அகரமிட்டு எழுதினர். கண்டிக்கு மேற்கே உள்ள மற்றோர் ஊரின் பெயர் இந்நெடிலைக் கொண்டு தொடங்குகின்றது. அதனைத் தமிழர் 'கேகாலை' என்று ஏகாரமிட்டு எழுதினர். ஒலி ஒன்றே, தமிழில் அது பெற்ற எழுத்துகள் இரண்டு.

திராவிட மொழிகளுக்கு இவ்வொலி முற்றும் அயலானது என்றும் கூறிவிடல் இயலாது. தெலுங்கில் 'வந்தான்' என்னும் பொருளில் 'வச்சாடு' என்று எழுதுவர். ஆனால் பேச்சில் அதன் நடுவில் உள்ள ஆகாரம் தூய ஆகாரமாக ஒலிப்பதில்லை. ஆங்கிலப் பூனைச் சொல்லில் உள்ள ஒலியை நீட்டினாற்போல ஒலிக்கின்றது. தெலுங்கு பேசும் நண்பரை உடைய மாணவர், அவர் பேசும்பொழுது இறந்தகாலச் சொற்களை உற்றுக் கேட்பாராயின், ஆங்கிலேயர் ஒருவரைத் தேடிச் செல்லாமலே அவ்வொலியை அறியலாம்.

இனி, இவ்வொலி வாயில் எவ்வாறு பிறக்கின்றது என்பதனை நோக்குவோம். எழுத்துகளின் பிறப்பை ஆராய்வது தமிழர்க்குப் புதியது அன்று. தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் பிறப்பியல் என்னும் மூன்றாம் இயல் இதற்கென்றே அமைந்தது. அங்கே உயிர்கள் மூவகையாகப் பிரிக்கப்படுகின்றன. அகரமும் ஆகாரமும் வாயைத் திறந்த அளவில் பிறப்பன. இ, ஈ, எ, ஏ, ஐ என்னும் ஐந்தும் அத்திறப்போடு நாவின் விளிம்பு மேற்பல்லின் அடியைப் பொருந்தப் பிறப்பன. உ, ஊ, ஒ, ஓ, ஔ என்னும் ஐந்தும் இதழ் குவியப் பிறப்பன. இவ்வழியை ஏணியாகக் கொண்டால் ஆங்கில ஒலியின் இடம் எளிதில் விளங்கும். அது இரண்டாம் வகையைச் சேர்ந்தது. நா முன்னோக்கியே இருத்தல் வேண்டும். ஆனால் வாயின் திறப்போ எகரத்திற்கு வேண்டிய அளவைக் கடந்து ஆகாரத்தின் திறப்பை நெருங்குகின்றது. நா எகரத்தின் வழியிலும் தாடை ஆகாரத்தின் வழியிலும் செல்லும் ஒலி இது. தமிழில் இவ்விரண்டும் ஒன்றுசேர வேண்டிய தேவை இல்லாமையால் தமிழ் நா அதற்குப் பழகவில்லை.

நா வாய்க்குள் மறைந்து கிடப்பது. அதன் நிலையைக் கண்ணால் காண்டல் அரிது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஒலிநூல் கற்பித்த டேனியல் ஜோன்ஸ், நாவின் மேல் மெல்லிய உலோகச் சங்கிலி ஒன்றைக் கிடத்திக்கொண்டு எக்ஸ் கதிர்களால் படம் எடுக்கச் செய்தார். சங்கிலியின் வளைவே நாவின் வளைவைக் காட்டிற்று. அவர் தொகுத்த ஆங்கில ஒலிப்பு அகராதி 1917இல் வெளிவந்தது. எம்மொழிக்கும் உரியன அல்லாத எட்டு உயிர்களை அவர் அளவுகோல்களாக நிறுத்தி, பிற உயிர்களை அவற்றோடு ஒப்பிட்டு அளந்தார். முன்னுயிர்களுள் மூன்றாம் அளவுகோலுக்கும் நான்காம் அளவுகோலுக்கும் இடையே நம் ஒலி விழுகின்றது.

மாணவர்க்குச் சங்கிலியும் வேண்டா, எக்ஸ் கதிரும் வேண்டா. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று போதும். கண்ணாடியின் முன் நின்று 'எ' என்று சொல்லி, அவ்வொலியை நிறுத்தாமல் இழுத்தல் வேண்டும். நாவின் நுனி கீழ்ப்பற்களின் பின்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். அந்நிலையிலேயே தாடையை மெல்ல மெல்லக் கீழே இறக்குதல் வேண்டும். நா பின்வாங்க முயலும். ஆகாரத்திற்குச் சென்று பழகியது அது. அவ்வாறு பின்வாங்க விடலாகாது. நுனி பல்லைத் தொட்டபடி இருக்க, தாடை இறங்கிய நிலையில் இதுவரை தன் வாயில் கேளாத ஓர் ஒலி எழுவதனை மாணவர் உணர்வார். அது ஆட்டின் குரலை ஓரளவு ஒத்திருத்தலால் நகைப்பும் வரும். நகைத்தல் நன்றே, நகைக்கும் வாய் இறுக்கமின்றி இருக்கும்.

ஆட்டின் குரலைப் பற்றிய செய்தி ஒன்று ஈண்டுக் கூறத்தக்கது. தமிழர் ஆடு 'மே' என்று கத்துவதாக எழுதுவர். ஆங்கிலேயர் அதன் குரலைப் 'பா' என்று ஆகாரமிட்டு ஒலிப்பர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிராட்டினஸ் என்னும் கிரேக்க நாடகப் புலவரும் ஆட்டின் குரலைத் தம் மொழியின் உயிரெழுத்து ஒன்றால் எழுதிவைத்தார். பிற்காலக் கிரேக்கர் அவ்வெழுத்தை ஈகாரமாகவே ஒலித்தனர். எந்த ஆடும் ஈகாரமிட்டுக் கத்துவதில்லை அன்றோ? ஆதலின் பண்டைக் காலத்தில் அவ்வெழுத்து வாய் அகன்ற ஏகாரமாக ஒலித்திருத்தல் வேண்டும் என்று அறிஞர் துணிந்தனர். மனிதரின் மொழிகள் மாறினும் ஆடுகள் தம் குரலை மாற்றவில்லை என்னும் நம்பிக்கையே அத்துணிவுக்கு அடிப்படை.

ஒலி வாயில் பிறந்துவிட்டது. ஆயினும் அதனைச் சொல்லில் இட்டு வழங்கும்பொழுது தவறுகள் புகும். அவற்றுள் முதலாவது, பழைய ஏகாரத்திற்கே திரும்பிவிடுதல். இரண்டாவது, யகரம் ஒன்றை இடையே நுழைத்துக் 'க்யாட்', 'ப்யாங்க்' என்று சொல்லுதல். இதனைச் செய்வோர் ஒலியை நாடி முயல்வோரே. முன்னே தொடங்கி ஆகாரத்தில் முடித்தால் நடுவில் உள்ள ஒலியைப் பிடித்துவிடலாம் என்று அவர் நா கருதுகின்றது. ஆனால் அவ்வொலி ஓடும் ஒலி அன்று. ஓரிடத்தில் நிற்கும் ஒலி. தொடங்கிய நிலையிலேயே முடிதல் வேண்டும்.

மாத்திரையும் மயக்கம் தருவது. ஆங்கில இலக்கணத்தார் இவ்வொலியைக் குறில் என்பர். எனினும் 'தீய' எனப் பொருள்படும் சொல்லிலும், 'பை' எனப் பொருள்படும் சொல்லிலும் இது நீண்டே ஒலிக்கின்றது. பின்னால் அதிர்வுடைய மெய் வருமாயின் நீள்வதும், 'மட்டை' எனப் பொருள்படும் சொல்லில் உள்ளது போன்ற வல்லொலி வருமாயின் குறுகுவதும் ஆங்கிலத்தின் இயல்பு. ஒரு மாத்திரையும் அன்று, இரண்டு மாத்திரையும் அன்று என்னுமாறு நிற்பதனால் தமிழ்ச்செவி இதனை நெடில் என்று முடிவு செய்து ஏகாரத்தையோ ஆகாரத்தையோ இடுகின்றது.

இத்துணை உழைப்பு எதற்கு என்று மாணவர் வினவலாம். 'கேட்' என்று சொன்னாலும் கேட்பவர் இடம் நோக்கிப் பூனையா கதவா என்று உணர்ந்துகொள்வார் அல்லரோ? பெரும்பாலும் உணர்ந்துகொள்வார். ஆனால் இடம் உதவாத நேரங்களும் உண்டு. மனிதன் ஒருவனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் மனிதர் பலரைக் குறிக்கும் சொல்லுக்கும் இடையே உள்ள வேறுபாடு இவ்வுயிர் ஒன்றே. ஒருமையில் இவ்வொலி, பன்மையில் எகரம். தமிழில் 'கள்' என்றோ 'அர்' என்றோ ஒரு விகுதி வந்து பன்மையைப் பறைசாற்றும். ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு அத்தகைய விகுதி இல்லை. தொலைபேசியில் ஒருவர், பெட்டிகளை ஏற்றுவதற்கு ஆள் வருவதாகச் சொல்லுகின்றார். வருபவன் ஒருவனா, வருபவர் பலரா என்பது அந்த ஓர் உயிரில் தொங்குகின்றது.

வினைச்சொற்களில் இதன் பணி இன்னும் பெரிது. தமிழ் வினைகள் காலங்காட்டும் இடைநிலைகளைக் கொண்டவை. ஆங்கிலத்திலோ பழமையான வினைகள் பல, தம் நடுவில் உள்ள உயிரை மாற்றியே காலத்தைக் காட்டுகின்றன. ஓடு, பாடு, நீந்து, குடி, தொடங்கு என்னும் பொருளுடைய ஆங்கில வினைகளை எண்ணிப் பார்க்க. இவற்றின் இறந்தகால வடிவம் ஒவ்வொன்றிலும் நம் ஒலி இருக்கின்றது. எச்சவடிவத்தில் அது அகரம் போன்ற வேறோர் ஒலியாக மாறிவிடுகின்றது. ஓடுதலைக் குறிக்கும் வினையில் நிகழ்காலத்திலும் அகரம் போன்ற ஒலியே உண்டு. ஆதலின் 'ஓடுகின்றனர்' என்பதனையும் 'ஓடினர்' என்பதனையும் பிரித்துக் காட்டுவது அவ்வொலி ஒன்றே. அதனை அகரமாகச் சொன்னால் நேற்று நடந்தது இன்று நடப்பதாகிவிடும். இலக்கண ஏட்டில் இவ்வடிவங்களை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் பெற்ற மாணவரும், வாய்ப்பேச்சில் அவற்றை ஒன்றாக்கிவிட்டால் அப்படிப்பின் பயனில் பாதியை இழக்கின்றார்.

பிற இணைகளும் உண்டு. எழுதும் பேனாவும் பொரிக்கும் சட்டியும், கால்நடைகளும் வெந்நீர்க் கெண்டியும், நிலமும் கடன் கொடுத்தலும், பையும் இரத்தலும், படுக்கையும் தீமையும் ஆங்கிலத்தில் இவ்வுயிர் வேறுபாட்டால் மட்டுமே பிரிந்து நிற்கின்றன. கடையில் பேனா கேட்கச் சென்றவர்க்குச் சட்டியை எடுத்துக்காட்டினால் நகைத்துவிட்டு வரலாம். நிலம் பற்றிய பேச்சில் கடன் நுழைந்தால் நகைப்பதற்கு இடமில்லை.

வாயைப் பழக்குவதற்கு முன் செவியைப் பழக்குதல் வேண்டும். குழந்தையின் செவி, பிறந்த சில மாதங்களிலேயே தாய்மொழியின் உயிர்களுக்கு ஏற்பப் படிந்துவிடுகின்றது. அமெரிக்கக் குழந்தைகளும் சுவீடன் நாட்டுக் குழந்தைகளும் ஆறு மாத அளவிலேயே தத்தம் மொழியின் உயிர்களை வேறுவகையாக உணர்கின்றனர் என்று பாட்ரீசியா கூல் முதலிய ஆராய்ச்சியாளர் 1992இல் வெளியிட்டனர். அவ்வாறாயின் பள்ளி மாணவர்க்குக் காலம் கடந்துவிட்டதோ? இல்லை. ஜப்பானிய மொழியில் ரகரமும் லகரமும் ஆங்கிலத்தில் போல வேறுபட்டு நிற்பதில்லை. அதனால் ஜப்பானியர் ஆங்கிலத்தில் அவற்றை மயங்குவர். பலர் குரலில் பதிவு செய்த சொற்களைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்து, எது எது என்று காட்டச் சொல்லி, உடனுக்குடன் சரி தவறு கூறி அவர்களைப் பயிற்றினர். பேசும் பயிற்சி எதுவும் அளிக்கவில்லை. ஆயினும் அவர்களுடைய பேச்சிலும் திருத்தம் காணப்பட்டது என்று 1997இல் வெளிவந்த ஆராய்ச்சி கூறுகின்றது. செவி கற்றதை நா பின்தொடர்ந்தது.

வகுப்பறையிலும் இதனைச் செய்யலாம். மாணவர் இருவர் எதிரெதிரே அமர்க. ஆங்கிலத்தில் பேனாவைக் குறிக்கும் சொல்லுக்கு ஒன்று என்றும் சட்டியைக் குறிக்கும் சொல்லுக்கு இரண்டு என்றும் எண் கொள்க. ஒருவர் தம் மனம் போல ஏதேனும் ஒரு சொல்லைச் சொல்ல, மற்றவர் விரலால் எண்ணைக் காட்டுக. சொன்னவர் கருதியதும் காட்டியவர் விரலும் மாறுபடுமாயின் பிழை நாவிலும் இருக்கலாம், செவியிலும் இருக்கலாம். மூன்றாமவர் ஒருவரைக் கொண்டு எவ்விடத்தில் என்று அறிக. இக்காலத்தில் கைப்பேசியில் தம் குரலைப் பதிவு செய்து கேட்கும் வசதியும் இருக்கின்றது. தம் குரலைத் தாமே கேட்க முதலில் எவர்க்கும் கூச்சமாகவே இருக்கும்.

பழகிய பின் வரும் இடர் வேறு. புதிதாகக் கற்ற ஒலியைக் கண்ட இடமெல்லாம் வழங்கும் ஆசை உண்டாகும். ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்து வரும் இடமெல்லாம் இவ்வொலி வாராது. வாழைப்பழத்தைக் குறிக்கும் 'பனானா' என்னும் ஆங்கிலச் சொல்லில் அவ்வெழுத்து மூன்று முறை வருகின்றது. முதலிலும் இறுதியிலும் அது மங்கிய சிற்றொலியாகத் தேய்ந்துவிடுகின்றது. நடுவில் இங்கிலாந்தினர் ஆகாரம் இடுவர். அமெரிக்கர் நம் ஒலியை இடுவர். வகுப்பு, நடனம், குளியல், கேள் என்னும் பொருள்தரும் சொற்களிலும் தென் இங்கிலாந்தில் ஆகாரமும் அமெரிக்காவில் இவ்வொலியும் வழங்கும். தமிழகத்தில் 'கிளாஸ்' என்றும் 'டான்ஸ்' என்றும் வேரூன்றிய வழக்கு இங்கிலாந்து வழக்கைத் தழுவியது. அதனைத் திருத்த முயலுதல் வீண் உழைப்பு. காபி, டாக்டர் என்பவற்றின் முதல் உயிரோ முற்றும் வேறானது. அது ஒகரத்தின் அயலில் நிற்பது. அதற்குத் தனியே ஒரு பாடம் வேண்டும்.

ஆங்கிலம் தாய்மொழியாக வழங்கும் நாடுகளிலும் இவ்வொலி ஒருபடித்தாக இல்லை. நியூசிலாந்தினர் இதனை எகரத்தை நோக்கி உயர்த்திச் சொல்லுதலால், அவர் சட்டி என்றது அயலார்க்குப் பேனாவாகக் கேட்பதுண்டு. ஆயினும் அவர்தம் பேனாச் சொல்லும் இகரத்தை நோக்கி உயர்ந்துவிட்டமையால் அவர்களுக்குள் மயக்கம் இல்லை. அமெரிக்கருள் பலர், பின்னால் மகரமோ னகரமோ போன்ற மூக்கொலி வந்தால் இதனை மூக்கோடு சேர்த்து உயர்த்துவர். இங்கிலாந்தின் இளைஞரிடையே கடந்த பல ஆண்டுகளில் இது அகரத்தை நோக்கி இறங்கிவந்துள்ளது. வடபகுதியினரிடம் அது முன்பே அவ்வாறு இருந்தது. இவருள் யார் ஒலிப்பது சரி என்று தீர்ப்புக் கூற இயலாது. எகரம், இவ்வொலி, அகரம் என்னும் மூன்றும் ஒருவர் வாயில் ஒன்றோடொன்று கலவாமல் இருக்கின்றனவா என்பதே கேட்கத்தக்க வினா.

தமிழ்ச்சூழலில் பிறந்த நா இவ்வொலிகளை எட்டாது என்பது வெற்றுரை. வலங்கைமானில் 1869இல் பிறந்து, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராய் விளங்கிய சீனிவாச சாஸ்திரியார், தம் ஆங்கிலச் சொற்பொழிவுகளால் ஆங்கிலேயரே வியந்து 'வெள்ளி நாவினர்' என்று பாராட்டும் நிலையை அடைந்தார். எதிர்த்திசையிலும் உழைத்தோர் உண்டு. ஃபர்த் என்னும் ஆங்கில மொழிநூலார் தமிழ் ஒலிப்பைப் பற்றிச் சிறுநூல் ஒன்று எழுதினார்; 1934இல் ஆர்டன் என்பாரின் தமிழிலக்கண நூலோடு இணைப்பாக அது வெளிவந்தது. ழகரம் தம் நாவில் வாராமல் கோழிக்கோட்டைக் 'காலிகட்' என்றும், ஆலப்புழையை 'ஆலெப்பி' என்றும் எழுதிச் சென்ற நாட்டினர்க்கு அத்தகைய நூல் பெரிதும் தேவைப்பட்டது. ழகரத்திற்காக அவர் நாவை வளைத்து வருந்தியதும், தாடையை இறக்கி நாவை முன்னிறுத்த நம் மாணவர் வருந்துவதும் ஒரே தொழிலின் இரு பகுதிகள்.

தொடங்குவோர் முதல் வாரத்தில் ஒலியை மட்டும் தனித்துச் சொல்லிப் பழகுக. பூனை, தொப்பி, எலி, மட்டை, பாய் என்னும் ஓரசைச் சொற்களை அடுத்த வாரத்தில் எடுத்துக்கொள்க. ஆங்கிலத்தில் ஓடினான், பாடினான், குடித்தான் என்னும் பொருள்தரும் வினைகளை அதன்பின் தொடரில் அமைத்துச் சொல்லுக. கண்ணாடி எதிரே இருக்கட்டும்.